செயலாளரின் ஆண்டறிக்கை, 2025: தீப் பாதுகாப்புத் துணைக்குழு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்கூட்டத்துக்கு வந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். துணைக்குழு இவ்வாண்டு நடத்திய நான்கு கூட்டங்களில் மூன்று வழக்கம்போல் நடந்தேறின. நான்காவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நவ்ராவுக்குத் தெற்கே, 2019 டிசம்பர் 31 அன்று காட்டுத்தீ சூழ்ந்துகொண்ட வண்டிக்குள்ளிருந்து தீயணைப்பாளர்கள் எடுத்த காணொளியை, நமது அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் திரையிட ஏற்பாடு செய்திருந்தோம். புரொஜெக்டர் பழுதாகி ஒலி மட்டும் வந்தது, அதுவே வினையாயிற்று. ஓயாத இரைச்சலும், சன்னல்களைப் போர்வையால் மறைக்கச் சொல்லும் குரல்களும் மட்டும் கேட்க, முன்வரிசையில் ஒரு பாட்டி பேரனின் காதுகளைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகளை அழைத்து வரவேண்டாமென முன்கூட்டியே அறிவிக்காதது என் தவறு. அதற்காக இங்கு வருத்தம் தெரிவிக்கிறேன்.

தீயணைப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து விளக்கியிராவிட்டால் கூட்டம் அப்போதே கலைந்திருக்கும். வெப்பக்காற்று விசையோடு மேலெழ, அந்த இடத்தை நிரப்பச் சுற்றுக்காற்று பாய்வதால் பெருந்தீ தனக்கென ஒரு காற்றையே உண்டாக்கிக்கொள்கிறது என்றும், யூக்கலிப்டஸ் மரங்களின் உரிந்த பட்டைகள் எரிந்தபடியே பறந்து தீயை முன்னே கொண்டுசெல்கின்றன என்றும் அவர் கூறினார். தப்ப வழியில்லாதபோது செடிகொடி குறைந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சன்னல்களையும் காற்றுத் துவாரங்களையும் அடைத்து, சன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்து போர்வைக்குள் ஒடுங்கிக்கொள்ள வேண்டுமாம். தீப்பிழம்பு தொடாவிட்டாலும் அதன் அனலே ஆளைக் கொல்லும் என்பதே இதற்குக் காரணம். “நெருப்புச் சத்தம் எங்களுக்குப் பழகிவிடும், வாக்கி டாக்கியில் கூப்பிட்டவன் பதில் சொல்லாவிட்டால்தான் வயிற்றைக் கலக்கும்,” என்றார்.

அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். அத்தீயின்போது, 2020 ஜனவரியில், சிங்கப்பூர் ஆயுதப் படை இரண்டு சினூக் ஹெலிகாப்டர்களை உதவிக்கு அனுப்பியதை இன்னொருவர் நினைவூட்டினார். வறண்ட பருவத்தில் இங்கு சிங்கப்பூரிலும் புல்வெளிகள் பற்றிக்கொள்வதுண்டு என்பதை நான் சேர்த்துச் சொன்னேன். வீட்டில் தீப்பிடித்தால் வெளியேறும்போது கதவைச் சாத்திவிட்டு தீயணைப்பு அவசர எண்ணான 995ஐ அழைக்க வேண்டும் என்பதை அன்று எல்லாரும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

அதே நிகழ்ச்சியைப் பெரியவர்களுக்கு மட்டும் மீண்டும் நடத்தத் துணைக்குழு முடிவுசெய்துள்ளது. புரொஜெக்டர் பழுதுபார்ப்புச் செலவுக்கு ஒப்புதல் கோருகிறேன். ஒலிபெருக்கியில் எந்தக் குறையும் இல்லை.