பெல்ட் டெஸ்ட்டுக்கு முன்னால் செல்விக்கு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. பெரியவள் சித்த மருத்துவம் சேர்ந்துவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்போ இனி என் முட்டிவலிக்கு அவகிட்டயே கேட்டுக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். முதல் வருஷப் பிள்ளை என்று சொன்னால் காதில் வாங்கவில்லை. தயாராக இருக்கச் சொல், போன் வரும். இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கராத்தே பிளாக் பெல்ட் டெஸ்ட்டை அடுத்த தடவைக்குத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தூக்கம் வரவில்லை, வயிறு கலக்குகிறது, பஸாய் தாய் கட்டாவின் அசைவு வரிசை பாதியில் மறந்துபோகிற மாதிரி கனவு வருகிறது என்கிறாய். இடுப்புப் பிடிப்பு, முட்டி வீக்கம் என்றால் தள்ளிப்போடு என்பேன். இதற்காகத் தள்ளிப்போட்டால் அடுத்த தடவையும் இதே வயிறு இப்படியேதான் கலக்கும்.

ஒன்று யோசித்துப் பார். குமிதேயில், நேருக்கு நேர் சண்டைப் பயிற்சியில், காலேஜ் பையன்கள் உன் மூக்குக்கு நேராகக் குத்து விடுகிறார்கள். அப்போது கை நடுங்குவதில்லை என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். மேஜைக்குப் பின்னால் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்தால்தான் நடுங்குகிறது. அடிக்குப் பயமில்லை, மார்க்குக்குத்தான் பயம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று நாம் இரண்டு பேரும் சாப்பிடாமல் போனோமே, அதே பயம்தான் இப்போது வெள்ளை டிரஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிளாக் பெல்ட்டுக்கு முதல் டான், இரண்டாம் டான் என்று படி வைக்கிற இந்த முறையைக் கொண்டுவந்தவர்களே வாத்தியார்கள்தான். ஜூடோவை உருவாக்கிய கானோ 1883-இல் முதல் டான் கொடுத்தார். பிற்பாடு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கே தலைவராக இருந்தவர் அவர். அதைப் பார்த்துக் கராத்தேயில் 1924-இல் முதன்முதலாக டான் கொடுத்த ஃபுனாகோஷியும் ஜப்பானின் ஒகினாவாத் தீவில் பள்ளிக்கூட வாத்தியார். நாம் ஆரம்பத்தில் படிக்கிற ஹெய்யான் கட்டாக்களை அவருடைய குரு இதோசு அமைத்துக் கொடுத்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். வாத்தியார்கள் சேர்ந்து செய்த சமாச்சாரத்தில் பரீட்சை வாசனை அடிக்காமல் இருக்குமா?

அதனால் பரீட்சைக்குத் தயாராவது போலவே இதற்கும் தயாராக வேண்டும் என்பது என் கட்சி. கட்டாவை இன்னும் நூறு தடவை செய்வதால் இந்தப் பயம் போகாது. உனக்குக் கட்டா தெரியும். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வதுதான் பழக்கமில்லை.

2001-இல் பைலாக், கார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியை வைத்து இதைச் சோதித்தார்கள். கேமரா முன்னால் பயிற்சி எடுத்தவர்கள் நெருக்கடி வந்தபோது சொதப்பவில்லை. சாதாரணமாகப் பழகியவர்கள் சொதப்பினார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. யாரோ பார்க்கிறார்கள் என்றதும், தானாக நடக்கிற அசைவை நாம் ஒவ்வொன்றாக மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கிறோம். மாடிப்படி இறங்கும்போது அடுத்து எந்தக் கால் என்று யோசித்தால் தடுக்குமே, அந்த மாதிரி.

ஆகவே இன்றிலிருந்து இப்படிச் செய். உன் மாமியாரை ஒரு நாற்காலியில் உட்காரவை. கையில் நோட்டும் பேனாவும் கொடு. எதுவும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, நீ செய்து முடிக்கும்வரை உன்னையே பார்த்து ஏதாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், மளிகைச் சாமான் பட்டியலாக இருந்தாலும் சரி. பக்கத்தில் போன் கேமரா ஓடட்டும். கட்டாவின் பெயரை உரக்கச் சொல்லி ஒரே ஒரு தடவை செய். தப்பு வந்தால் திரும்பச் செய்யாதே, அன்றைக்கு அவ்வளவுதான். திரும்பச் செய்யலாம் என்ற வசதிதான் நம்மைக் கெடுக்கிறது.

இன்னொன்றும் பழகு. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு, வார்ம் அப் இல்லாமல் எழுந்து செய். நம் ஊர் பெல்ட் டெஸ்ட் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? காலை ஏழு மணிக்கு வா என்பார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்கு வருவார். பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை, தற்காப்புக் கலையால் வரும் ஒழுக்கம் பற்றி ஒரு உரை. எல்லாம் முடிந்து உன் நம்பரைக் கூப்பிடும்போது கால் மரத்து, உடம்பு ஆறிப்போயிருக்கும். பயம் பாதி, இந்தக் காத்திருப்பு பாதி. பின்வரிசையில் நின்று கணுக்காலையும் தோளையும் ஆட்டிக்கொண்டே இரு, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பிளாக் பெல்ட்டுக்குக் கீழே இருக்கிற கலர் பெல்ட் டெஸ்ட்டுகளில் நான் இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். அங்கிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறதடி. நடுக்கம் கண்ணில் படுவதே இல்லை, அதற்கு மார்க்கும் கிடையாது. படுவது வேறு. பயந்தவர்களுக்கு எடுத்துவைக்கிற காலடி குட்டையாகிறது, ஸ்டான்ஸ், அதாவது நிற்கிற நிலை, உயர்ந்துவிடுகிறது, கட்டா வேகமாக ஓடுகிறது. முதல் கட்டாவான ஹெய்யான் ஷோடான் ஆரம்பித்த இடத்திலேயே முடிய வேண்டும். முடிக்கிறபோது பிள்ளை ஓரடி தள்ளி நின்றால் எங்கோ காலடி குறுகியிருக்கிறது என்று அர்த்தம்.

மறப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹெய்யான் ஷோடான் நான்கு ஷுதோ உகேயில், கத்தி போல் விரித்த கையால் தடுக்கிற அசைவில், முடிகிறது. அடுத்த கட்டாவான ஹெய்யான் நிடானில் அதே நான்கு, அதே கோணங்களில், நடுவில் வருகிறது. பதற்றத்தில் இருக்கிற பிள்ளை அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். உனக்கும் பஸாய் தாயில் இப்படிக் கிளைபிரியும் இடம் எது என்று பார். அங்கே மட்டும் அடுத்த அசைவுக்கு ஒரு பெயர் சொல்லிப் பழகு. மற்ற இடங்களில் உடம்பை அதன் போக்கில் விடு.

அப்படியும் தப்பு வந்தால்? நின்ற ஸ்டான்ஸிலேயே நில். மூச்சை விடு. நினைவு வருகிற அசைவிலிருந்து தொடர். தயவுசெய்து நாக்கைக் கடித்துத் தலையில் தட்டிக்கொள்ளாதே. நாங்கள் கவனிக்காத தப்பைக்கூட அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

படபடப்பு வந்தால் அடக்கப் பார்க்காதே. மேடைப் பேச்சு, பாட்டு, கணக்கு என்று வைத்து ஹார்வர்டில் ஒரு பெண் ஆய்வாளர் சோதித்து 2014-இல் எழுதியிருக்கிறார். அமைதியாக இரு என்று தனக்குச் சொல்லிக்கொண்டவர்களைவிட உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்களாம். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் ஓடுகிற இதயத்தை அதட்டி உட்காரவைக்க முடியாது என்பது உண்மை. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கு, அதற்கு மட்டும் இதயம் கொஞ்சம் கட்டுப்படும்.

வயசைப் பற்றி எழுதியிருந்தாய். ஜப்பானில் கெண்டோ என்ற மூங்கில் வாள் சண்டைக் கலையில் எட்டாம் டான் பரீட்சைக்கு 46 வயசு ஆகாமல் உட்காரவே முடியாது. ஏழாம் டான் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கவும் வேண்டும். நூறு பேரில் ஒருவர் தேறினால் பெரிசு. ஊரில் பெரிய மாஸ்டர் என்று பெயர் வாங்கியவர்கள் தாத்தா வயசில் திரும்பத் திரும்ப வந்து தோற்றுப்போகிறார்கள். நீ பத்தொன்பது வயசுப் பையன்களோடு வரிசையில் நிற்பதற்கு வெட்கப்படாதே.

மற்றபடி காலையில் இரண்டு இட்லி போதும், காபி வேண்டாம், கால் நகத்தை முந்தின நாளே வெட்டு. டெஸ்ட்டுக்கென்று புது டிரஸ் வாங்காதே. துவைக்காத துணி தோளைப் பிடிக்கும்.

மாமியாரை வைத்து எடுக்கிற வீடியோவை அனுப்பு. குமிதே பற்றி நீ கேட்டதற்கு அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அம்மா போன தடவை நீ கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மீனா