எண்ணெய்க் கசடுக் குழியை எப்போது மூடுவீர்கள்?

ஐயா,

எரிவாயு எடுத்தால் ஊர் வளரும் என்று பேசுகிறவர்கள் ஒருமுறை எங்கள் நெடுவாசல் பக்கம் வரட்டும். ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழையும் நிலக்கடலையும் வளர்க்கிறோம். 2017 பிப்ரவரியில் இங்கே நிலத்தடி எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? என் தாயார் நாள் தவறாமல் போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

2020-இல் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, மகிழ்ந்தோம். ஆனால் முன்பே இயங்கிவந்த திட்டங்களை அது தொடாது.

எங்கள் வயலுக்கு அருகே எண்ணெய், எரிவாயு தேடித் தோண்டிய பழைய சோதனைக் கிணற்றின் குழாய் துருவேறி நிற்கிறது. பக்கத்துக் குழியில் எண்ணெய்க் கசடு. மழை பெய்தால் அந்தக் கறுப்பு நீர் வரப்பைத் தாண்டி வருகிறது. குழியைச் சுத்தம் செய்து மூட மாவட்ட நிர்வாகம் ஒரு தேதி சொல்ல வேண்டும்.

ஒரு விவசாயி,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்