பத்து நிமிடம் தாருங்கள்

திருநெல்வேலி மாவட்டப் பள்ளிக் கல்வி அலுவலர்களுக்கு,

வணக்கம். முக்கூடல் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை நான்.

சென்ற ஆண்டு கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம் நோட்டை எடுக்கச் சொன்னேன். “எடுக்க முடியாது” என்றான். வகுப்பு முழுவதும் எங்கள் இருவரையும் பார்த்தது. “வெளியே போ” என்று கத்தினேன். போகவில்லை. நகங்கள் வெளுக்கும்படி பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்திருந்தான்.

மறுநாள் அவன் அம்மாவை வரச்சொன்னோம். பீடித் தட்டை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். எங்கள் வாசலில் நின்ற நேரத்துக்கு அவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்? இரவில் பையனுக்கு வீட்டில் அடி விழுந்தது. அடுத்த நாள் முன்னைவிட முறைத்துக்கொண்டு வந்தான்.

தவறு என்னுடையது. நாற்பது பேர் பார்க்கும்போது பதினான்கு வயதுப் பிள்ளை பணிய மாட்டான். பணிந்தால் அவன் மானம் போய்விடும். இப்போது மற்றவர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு அவன் அருகில் போகிறேன். “வேப்பமரத்தடிக்கு வா, பேசலாம்” என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பதிலுக்காக நிற்பதே இல்லை. நின்றால் மறுபடியும் மல்லுக்கட்டுதான். மரத்தடியில் என் முதல் கேள்வி, “காலையில் சாப்பிட்டாயா?” அன்று அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. மிகச் சரி. ஆனால் பிரம்பைக் கீழே வைத்த கைக்கு வேறு என்ன கொடுத்தீர்கள்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனுடைய பள்ளி மாணவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், கையில் கட்டும் சாதிக்கயிற்றுக்குத் தடை கேட்டது. தடை வேண்டும். ஆனால் எல்லோர் முன்னிலையிலும் கயிற்றை அறுத்தால் மறுநாள் இரண்டாகக் கட்டி வருவான். அதையும் மரத்தடியில் பேசித்தான் அவிழ்க்க வைக்க வேண்டும்.

பேச நேரம் எங்கே? ஒரு பாடவேளை முடிந்ததும் அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். நான் பையனோடு வெளியே நிற்கும் பத்து நிமிடம் என் வகுப்பில் வந்து உட்கார ஒருவரைத் தாருங்கள். வாரம் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கு வரட்டும். தனியாகப் பேசிப் பார்க்காமல் எந்தத் தாயையும் வரவழைக்கக் கூடாதென்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறான். நோட்டை எடுக்கிறான். எல்லா நாளும் அல்ல. எடுக்காத நாளில் அவனாகவே மரத்தடிக்கு வந்து நிற்கிறான்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை