தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பாவது பள்ளிப் பட்டறை மாணவனுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேல்நிலைப் பள்ளிகளில் வேளாண்மை, அடிப்படை இயந்திரவியல் போன்ற தொழிற்கல்விப் பாடங்களை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கலப்பை, டிரெய்லர் வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன், ரிப்பேருக்குக் கூப்பிட்டால் பள்ளிகளுக்கும் போவதுண்டு. அங்கே பிள்ளைகள் தொடுவது இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் வட்டு மாட்டிச் சுழற்றும் நிஜ கிரைண்டர், நிஜ வெல்டிங் மெஷின், நிஜ பவர் டில்லர். காலில் ரப்பர் செருப்பு, கையில் கறுப்புக் கயிறு, கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, பதினெட்டு வயது நிரம்பாதவரை ஆபத்தான இயந்திரத்தில் நிறுத்துவதாக இருந்தால் அதன் ஆபத்தை முழுசாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், போதிய பயிற்சியோ, விவரம் தெரிந்தவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பொறி பறக்கும் வேலைக்குக் கண்ணாடியோ தடுப்போ கட்டாயம் என்றும் அதில் இருந்தது. ஆனால் பள்ளிப் பட்டறை தொழிற்சாலை இல்லை, மாணவன் தொழிலாளியும் இல்லை. அதே வயதுப் பையன், அதே கிரைண்டர், ஆனால் பள்ளிக்கூடத்தில் பிடித்தால் கேட்க ஆள் இல்லை. இது எனக்குத் துளியும் சரியாகப் படவில்லை.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். நாலு அங்குல கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். ஏழு அங்குல வட்டின் மேல் 8,500 சுற்றுக்கு மேல் கூடாது என்றுதான் அச்சடித்திருக்கும். பெரிய வட்டு மாட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று வட்டை மூடியிருக்கும் கார்டை (பாதுகாப்பு உறையை) நாலு அங்குல கிரைண்டரிலிருந்து கழற்றிவிட்டு எப்படியாவது பொருத்திவிடுகிறார்கள், வட்டு வெடித்தால் துண்டு பறப்பது கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. நான் போன ஒரு பள்ளியில் கழற்றிய கார்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் மேல் தூசி படிந்து எத்தனை காலமோ.

வெல்டிங் வெளிச்சம் வேறு மாதிரி ஆபத்து. பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரிதான் கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும், வீட்டில் உருளைக்கிழங்கைச் சீவி வைத்துப் படுத்துவிடுவார்கள், பள்ளிக்குத் தெரியவே தெரியாது. ஹோல்டர் பிடிக்கிற பையனுக்காவது ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும், சுற்றி நின்று பார்க்கிற இருபது பேருக்கு அதுவும் இல்லை. அப்புறம் டிராக்டரின் பி.டி.ஓ. ஷாப்ட், அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு, அது நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. துப்பட்டாவோ பின்னலோ மாட்டினால் கையை நீட்டி நிறுத்த அவகாசமே கிடையாது. ஷாப்டுக்கு உறை போட்டிருக்க வேண்டும், இன்ஜினை அணைக்காமல் யாரும் கிட்டே போகக் கூடாது. டிரில்லிங் மெஷினில் கையுறை சிக்கிக்கொள்ளும், அதனால் போடவே கூடாது என்பதையும் யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும், பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஆள் ஒரு வகுப்பையே மேய்த்துக்கொண்டு, கண்ணாடிக்குக் காசு கேட்டு எழுதிப்போட்டு எத்தனை நாள்தான் காத்திருப்பார்?

அமெரிக்காவில் பல உயர்நிலைப் பள்ளி வேளாண் பட்டறைகளில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாகப் பாதுகாப்புத் தேர்வு வைத்து, அதில் தேறிய பிறகுதான் பிள்ளையை அந்த இயந்திரத்தைத் தொட விடுகிறார்கள். இங்கே செய்ய என்ன தடை? செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கார்டு சரிபார்ப்பதற்கும் கண்ணாடி அணிவதற்கும் ஒதுக்கினால் ஆண்டு முழுவதும் தானாகவே நடக்கும். ஆளுக்கொரு கண்ணாடி, மூடிய காலணி, மின்கசிவில் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர், இதற்கெல்லாம் ஒரு பள்ளிக்கு ஆகும் செலவு பெரிய தொகை இல்லை. பள்ளிக்கல்வித் துறை இந்த ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு பட்டறைக்கும் ஆள் அனுப்பிப் பார்த்து, கார்டு இல்லாத இயந்திரத்தின் ஒயரைக் கழற்றி வைக்க உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வேளாண் கருவிப் பட்டறை நடத்துபவர்,
மன்னார்குடி