அம்மாவின் புடவைகளைப் போர்வையாக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வள்ளிமலையில் என் தங்கை மகளுக்குக் காது குத்திய அன்று, சீர்த்தட்டில் இருந்த போர்வையைப் பலரும் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டீர்கள். நான் தைத்தது என்றதும் மனம் நிறையப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். மலையில் அன்றிருந்த கூட்டத்தில் அவர்களைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

அம்மா போன பிறகு, பட்டும் நல்ல புடவைகளும் வழக்கப்படி தங்கைக்கும் சித்திக்கும் போயின. 1989-ல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு, ஆரணியும் வேலூரும் ஒரே வட ஆற்காடாக இருந்த காலத்தில், ஆரணியில் எடுத்த கல்யாணப் பட்டும் அதில் ஒன்று. மிஞ்சியவை அம்மா வீட்டில் தினமும் கட்டிய நூல் புடவைகள், வாயில் புடவைகள், இரண்டு சுங்குடிகள். அவற்றை யாரும் கேட்கவில்லை. எனக்கோ அம்மா என்றால் அந்தப் புடவைகள்தான். அடுப்படியில் நின்றதும், பேருந்துக்குக் காத்திருந்ததும், காய்ச்சல் நாட்களில் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததும் அவற்றைக் கட்டிக்கொண்டுதான். தங்கை மகள் தன் ஆயாவைப் பார்த்ததில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள்? கம்மலையும் பட்டுப்பாவாடையையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அவற்றோடு ஆயாவின் புடவையும் அவளிடம் போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த ஆசையே ஒரு வங்காளத்துப் பெண்மணியால் வந்தது. அப்போது அம்மாவுக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும், மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் எத்தனை குடும்பங்கள் ரயிலேறி வந்து காத்திருக்கின்றன என்று. காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகை மாட்டியிருப்பது அவர்களுக்காகத்தான். நான் சொன்ன பெண்மணியும் தன் கணவரின் சிகிச்சைக்காக மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்திலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கியிருந்தார். காத்திருக்கும் நேரமெல்லாம் மடியில் ஒரு துணியை வைத்துத் தைத்துக்கொண்டே இருப்பார். நாங்கள் அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரும் துணியை வைத்தே பேசிக்கொண்டார்கள். அம்மா தையலைத் தடவிப் பார்ப்பாள். அவர் திருப்பி மறுபக்கத்தைக் காட்டுவார். இடையில் எனக்குத் தெரிந்த இந்தியில் நான் கேட்டுச் சொல்வேன்.

பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பொடிப்பொடியாக ஓட்டுத் தையல் போட்டு இறுக்குவதுதான் அவர்களுடைய காந்தா. அவர்கள் பக்கத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கு வீட்டுப் பெண்கள் இதைத் தைத்து வைப்பார்களாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் பச்சைக்குழந்தையின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்றார். "நாமளும் தூளி கட்டப் பழம்புடவையத்தானே தேடுவோம்" என்று அம்மா சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "என் புடவையெல்லாம் அலமாரில சும்மாதான கெடக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

தீதி, ஊசி பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். துணிகளைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வைக்கச் சொன்னீர்கள். முதலில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளநீளமாக நூலோட்டி அடுக்குகளைப் பிடித்து நிறுத்தவேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும் என்று கையால் நகர்த்திக் காட்டினீர்கள். குழந்தையின் விரல் சிக்கக்கூடாது என்பதற்காக, நூல் முடிச்சை அடுக்குக்குள்ளே இழுத்து மறைக்கக் கற்றுத்தந்தீர்கள். தைக்கும் நூலையே புடவைக் கரையிலிருந்து உருவி எடுக்கும் பழைய முறையையும் லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து செய்து காட்டினீர்கள். கணவரின் ரிப்போர்ட் என்ன வருமோ என்ற கவலையோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவனுக்கு இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்களே! இந்த மடலை உங்களால் படிக்க முடியாது. போர்வையின் படங்களை உங்கள் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் ஓடும் சிவப்புத் தையலைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த நூல் அம்மாவின் சுங்குடிக் கரையிலிருந்து உருவியது.

ஒரே புடவையை அடுக்கித் தைப்பதென்றால் கைத்தையலே போதும். ஆனால் அம்மாவின் எல்லாப் புடவையும் அதில் தெரியவேண்டும் என்று நினைத்தேன். அதற்குச் சதுரம் சதுரமாக வெட்டி இணைக்கவேண்டும், மிஷின் வேண்டும். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாயிடம் போய்க் கேட்டேன். ரம்ஜான் நெருங்கிய சமயம், கடை முழுக்க வெட்டிய துணியும் வெட்டாத துணியுமாகக் கிடந்தது. அந்த நெருக்கடியிலும், "ஷிப்டு முடிஞ்சு வா தம்பி, கடை அடைக்கிற நேரத்துல ஒரு மிஷின் சும்மா இருக்கும்" என்றார். அதற்காக ஒரு பைசா வாங்கிக்கொள்ளவில்லை.

பாய் சொல்லிக்கொடுத்த விதத்தை எழுதிவைக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். முதலில் நூலே கோக்கவிடவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளை ஊசிக்கடியில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டைகள் விழும்படி பெடலை மிதிக்கச் சொன்னார். கால் பழகாவிட்டால் சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூல் அறுந்துவிடும், அதனால் காலுக்குத்தான் முதல் பாடம். கால் வசமான பிறகு பாபினில் அடிநூல் சுற்றுவது, நூலின் இறுக்கம் பார்ப்பது எல்லாம் வந்தது. வாயில் துணிக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, அடுக்குகள் சேர்ந்து தடிமன் ஏறும்போது 16. நூல் புடவையைக் கத்தரியால் நீளமாக வெட்டாமல், ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டுக் கையால் கிழிக்கச் சொன்னார். கிழிசல் இழையின் போக்கிலேயே நேராகப் போகும். கிழித்த பட்டையை அட்டை வைத்து 5 அங்குலச் சதுரமாக்கினோம். எல்லாப் பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் நாலரை அங்குலம் மிஞ்சும். குறுக்கே 8, நெடுக்கே 10 வைத்தால் 36-க்கு 45 அங்குலம், குழந்தைப் போர்வைக்குச் சரியான அளவு.

"துண்டுக்கு ஒரு நூல் ஏமாந்தா, பத்துத் துண்டுல ஒன்னேகால் இஞ்சு போச்சு தம்பி" என்று பாய் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். அவர்கள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு தையலையும் போட்டவுடன் இஸ்திரி போட்டுப் படியவைத்த பிறகுதான் அடுத்த தையலுக்குப் போகவிடுவார். அவசரமாகத் துணி கேட்டு வாசலில் ஆள் நிற்கும்போதும், என் சதுரங்களின் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பாய், உங்கள் கையில் ஒரு தொழில் மட்டுமா இருக்கிறது! அடுத்தவன் வேலையைத் தன் வேலையாகப் பார்க்கும் மனமும் இருக்கிறது.

எந்தப் புடவை வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்துக்கொடுத்தது பாய் வீட்டு அக்கா. சிந்தடிக் புடவை வேர்வையை வாங்காது, இஸ்திரிச் சூட்டில் சுருங்கிவிடும், ஜரிகை குழந்தையின் கன்னத்தைக் கீறும் என்று இரண்டையும் ஒதுக்கினார். மற்றவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கால் பட்டுத் தேய்ந்த கீழ் ஓரத்தையும் இடுப்பில் செருகி நைந்த இடத்தையும் விலக்கி, நல்ல பாகத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறித்தார். முந்தானைகள் பெரும்பாலும் திடமாக இருந்தன.

உள்ளே பஞ்சு வைக்கலாமா என்று கேட்கப் போன இடத்தில், மெத்தை தைக்கும் பெரியவர் வியாபாரத்தைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னார். இலவம்பஞ்சு வழுக்கும், ஒரு தடவை துவைத்தாலே திரண்டு மூலையில் சேர்ந்துவிடும். அதோடு, சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் குழந்தைக்குப் பஞ்சுப் போர்வை எதற்கு, மார்கழிப் பனிக்கு மூன்று அடுக்குப் பருத்தித் துணி தாராளம் என்றார். அதனால் நடுவில் நைனாவின் பழைய வேட்டியையே வைத்தேன். ஐயா, உங்கள் கடையில் நான் எதையும் வாங்காமல் திரும்பினேன், நீங்கள் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினீர்கள். அந்த நல்ல மனசுக்கு நன்றி.

அடிப்பக்கத்துக்குக் குடியாத்தத்தில் தறிக்காரர் வீட்டிலிருந்து கட்டம் போட்ட லுங்கித் துணி கொடுத்தார்கள். சாயம் போகிறதா என்று பார்க்க, நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்தச் சொன்ன அந்த வீட்டு அண்ணிக்கும் நன்றி. துவைத்துச் சுருங்கவைத்த பிறகுதான் வெட்டவேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

அடுக்குகள் சேர்ந்த பிறகு கைத்தையலில் ஊசியின் பின்பக்கம் விரலைத் துளைத்தது. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, தன்னுடைய பழைய தோல் கையுறையின் விரல்நுனியை வெட்டிக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். கடைசித் தையல்வரை அது என் விரலில் இருந்தது.

என் மனைவி, எண்பது சதுரங்களையும் கூடத்தில் பரப்பி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று முடிவு செய்தவள். அவள் அடுக்கிய பிறகுதான் அது போர்வையாகத் தெரிந்தது. மிஞ்சிய துண்டுகளில் விருந்தாளிகளுக்கான தாம்பூலப் பைகளை அவளும் நானும் சேர்ந்து தைத்தோம்.

நைனா, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபோது, எது எப்போது எடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அந்த ஊதா வாயில் புடவையை மட்டும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும்.

தங்கச்சி, உனக்கு ஒன்று சொல்லவேண்டும். போர்வையை அழுக்காகாமல் பீரோவில் மடித்து வைத்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். வேண்டாம்மா, எடுத்துக் குழந்தைக்குப் போர்த்து. பச்சைத் தண்ணீரில் தனியாக, கையால் அலசு. முறுக்கிப் பிழியாதே, நிழலில் விரித்துக் காயவை. தையல் எங்காவது விட்டால் ஒரு போன் பண்ணு, ஊசி நூலோடு வருகிறேன்.

நன்றியுடன்,
ஒரு தாய்மாமன், காட்பாடி