லொறியும் பெயர்ப் பதிவும்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பின் சிவா,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. இந்த வட்ஸ்அப் காலத்தில் தபாற்காரன் படலையில் நின்று மணியடிப்பது ஊருக்கே புதினம். "ஐயாவுக்கு வழக்கு ஏதும் வந்திருக்கோ?" என்று பக்கத்து வீட்டுப் பெடியன் வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டான். வழக்கில்லையடா, வெள்ளவத்தையில் இருந்து ஒரு விசரன் எழுதியிருக்கிறான் என்றேன்.

காலபோகம் வெட்டி முடிந்தது. நெல் விலையைப் பற்றிக் கேட்காதே. என் மனுசிக்கு முழங்கால் நோ, மற்றப்படி எல்லாரும் சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இன்னொரு தொற்று வந்து ஊரடங்கு போட்டால் அரசாங்கம் கொழும்புக்குச் சாப்பாடு கொடுக்குமா, அல்லது இப்போதே அரிசி வாங்கி அடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். அடுக்காதே, வண்டு பிடிக்கும். அதோடு இந்தக் கொரோனாவில் நகரங்கள் பசி கிடந்தது நாட்டில் அரிசி இல்லாமல் அல்ல, அது வந்து சேராமல்தான். 2020 மார்ச் 20, வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது எங்கள் பக்கம் புதுநெல் வீட்டுக்கு வந்திருந்தது, மரக்கறி தோட்டத்தில் நின்றது. நீ அங்கே சாமானுக்கு வரிசையில் நின்றாய். இங்கே எனக்குத் தம்பி முறையான ஒருவன் பழுத்த பப்பாசியை வெட்டி மாட்டுக்குப் போட்டான்.

லொறிக்குப் பாஸ் கொடுத்தார்கள்தானே என்பாய். கொடுத்தார்கள். ஆனால் லொறி தனியே ஓடுகிற சாமானா? மூட்டை தூக்கும் நாட்டாமை வேண்டும். அவன் வீட்டில் இருந்து சந்தைக்கு வர வேண்டும். வழியில் டயர் வெடித்தால் ஒட்டுகிறவன் கடை திறந்திருக்க வேண்டும். ட்றைவருக்கு இரவில் ஒரு பிளேன்ரீயும் பாணும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தம்புள்ள மொத்தச் சந்தையில் வாங்குகிறவனுக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் வாங்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் ஒரு ஊரில் கத்தரிக்காய் அழுகும், மற்ற ஊரில் அதே கத்தரிக்காய் ஆனை விலை விற்கும்.

சீனாக்காரன் இரண்டு விதத்தையும் செய்து காட்டியிருக்கிறான். 1988 இல் இருந்தே அங்கே "மரக்கறிக் கூடை" என்றொரு திட்டம் இருக்கிறது. நகரத்துக்கு மரக்கறி வந்து சேருவதற்கு மேயர்தான் பதில் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 23 இல் வூகானை மூடியபோது அங்கே ஒரு கோடியே பத்து லட்சம் சனம். அப்படியிருந்தும் ஷாண்டோங் மாகாணத்துத் தோட்டங்களில் இருந்து லொறிகள் போயின. ஒவ்வொரு தொடர்மாடியிலும் ஆட்கள் சேர்ந்து மொத்தமாக ஓடர் பண்ணிப் பிரித்தெடுத்தார்கள். கஷ்டம் இல்லாமல் இல்லை, ஆனால் ஏப்ரல் 8 வரைக்கும் தாக்குப்பிடித்தார்கள். அதே நாட்டில் 2022 இல் மூடப்பட்ட ஷங்காய், பணம் கொழிக்கும் ஊர், பசியில் பல்கனியில் நின்று கத்தியது. உள்ளே போன லொறிக்காரன் திரும்பி வந்தால் தனிமைப்படுத்துவார்கள், அல்லது அதிவேகப் பாதையில் மறித்து வைப்பார்கள். ஆர் போவான்?

சந்தையைப் பூட்டுவதா விடுவதா என்பது அடுத்த தலையிடி. சென்னையில் 2020 ஏப்ரல் 26 இல் இருந்து நாலு நாள் முழு ஊரடங்கு என்று இரண்டு நாள் முன்னமே சொன்னார்கள். 25 ஆம் திகதி கோயம்பேட்டு மொத்தச் சந்தையில் சனம் குவிந்தது. பிறகு அந்தச் சந்தையே தொற்றுக் கொத்தணியாகி, அங்கே மூட்டை தூக்கியவர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர் என்று வீடு திரும்ப, நோயும் கூடவே போனது. மே 5 இல் பூட்டித் திருமழிசைக்கு மாற்றினார்கள். எங்களுக்கு அது கொழும்புக்குப் பக்கத்தில் பேலியகொடவில் வந்தது. 2020 ஒக்டோபரில் மீன் சந்தை மூடப்பட, முல்லைத்தீவு மீனுக்குக் கொழும்பில் ஆளில்லை. மீனால் கொரோனா வராது என்று காட்டுவதற்கு ஒரு முன்னாள் மீன்பிடி அமைச்சர் பத்திரிகைக்காரருக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மீன் விலை ஏறியதோ தெரியாது, இவள் அன்றைக்கு மீன் சட்டியை அடுப்பில் வைக்கவில்லை.

என்னைக் கேட்டால், கொழும்பில் அப்போது செய்ததில் உருப்படியானது உங்கள் ஒழுங்கைக்குள் பட்டா என்கிற சின்ன லொறியில் மரக்கறி கொண்டுவர விட்டதுதான். பெரிய சந்தை ஒன்றுக்குப் பதிலாகச் சில்லு வைத்த சின்னச் சந்தை நூறு. விலைக் கட்டுப்பாடு அப்படியில்லை. பருப்பு 65 ரூபா, ரின்மீன் 100 ரூபா என்று மார்ச்சில் அறிவித்தார்கள். பருப்போ கப்பலில் வருவது. அந்த விலைக்கு ஆர் கொண்டுவந்து விற்பான்? பருப்பு மேசைக்குக் கீழே போய்விட்டது. ஏப்ரல் முடியமுன் அறிவிப்பையே எடுத்துவிட்டார்கள்.

இங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பிட்டார்கள் என்று நானும் அப்போது போய் நின்றேன், பழைய மனேச்சர் அல்லவா. முற்றத்தில் சுண்ணாம்பால் வட்டம் கீறி, ஆளுக்கொரு வட்டம் என்றோம். சனம் என்ன செய்தது தெரியுமோ? வட்டத்துக்குள் உமல் பையையும் செருப்பையும் வைத்துவிட்டு, எல்லாரும் வேப்பமர நிழலில் தோளோடு தோள் இடித்துக் கொண்டு நின்று கதைத்தார்கள். செருப்புகள்தான் ஒரு மீற்றர் இடைவெளியைக் கடைப்பிடித்தன.

அங்கே நான் கண்டது வேறொன்று. அரிசி இருந்தது, நிறுக்கத் தராசு இருந்தது, ஆள்தான் பதிவில் இல்லை. ஊரடங்குக்கு அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாக் கொடுப்பனவிலும் அதே கதை. ஏழைகளுக்கான சமுர்த்தி உதவிப் பட்டியலில் இருந்தால் சுணங்காமல் வந்தது. இல்லாதவர் கிராம சேவகரிடம் மேன்முறையீடு எழுத வேண்டும். உன் பக்கத்துக் கட்டடத்தில் மேசன் வேலைக்கு வந்து அறையில் அடைபட்ட முல்லைத்தீவுப் பெடியனை யோசித்துப் பார். அவன் பெயர் முல்லைத்தீவில், அவன் வயிறு கொழும்பில். இந்தியாவிலும் இதுதான் நடந்தது. மார்ச் 25 இல் மூடினார்கள். அட்டை இல்லாத வெளிமாநிலக் கூலிகளுக்கும் ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று அறிவிக்க மே நடுப்பகுதி ஆயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் ஊருக்கு நடக்கத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பு மாலிகாவத்தையில் மே 21 இல் ஒரு தனியார் காசு கொடுக்கப் போக, நெரிசலில் மூன்று பெண்கள் செத்தார்களே. அரச பட்டியல் எட்டாத இடத்தில்தான் அப்படி வாசல் நிரம்பும்.

வன்னியானுக்குத் தலைக்கணக்கு என்றால் என்னவென்று நீயும் நானும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதில்லை. 2009 தொடக்கத்தில் வன்னியில் யுத்தத்துக்குள் இருப்பது 70,000 பேர்தான் என்று கொழும்பு சொன்னது. கடைசியில் முகாம்களில் எண்ணியபோது 280,000 க்கும் மேல். குறைத்து எண்ணினால் சாப்பாடு அந்தக் குறைந்த கணக்குக்குத்தான் வரும். நோய்க்கும் யுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் விளங்கும், ஆனால் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில், அரிசிக்கு எழுதுகிற கடதாசி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: அரசாங்கம் எத்தனை களஞ்சியம் கட்டியிருக்கிறது என்று பார்க்காதே. ஊரடங்கு பாஸ் ஆர் ஆருக்குக் கொடுக்கிறார்கள், வாடகை அறையில் கிடக்கிறவனை எந்தப் பதிவில் சேர்க்கிறார்கள், இந்த இரண்டையும் பார்.

அதற்கு முதல் உன் பதிவைப் பார். உன் வாக்கு இன்னும் எங்கள் கிராம சேவகர் பிரிவில்தான் கிடக்கிறது, வெள்ளவத்தையில் நீ எந்த அரச கடதாசியிலும் இல்லை என்று போனமுறை பெருமையாகச் சொன்னாய். இந்த மாதத்துக்குள் அங்கே போய்ப் பதிந்துவிட்டு எனக்கு எழுது. அதோடு இவளுக்கு முழங்காலுக்குப் பூசும் அந்த மருந்தில் இரண்டு போத்தல் வாங்கி, நடேசனின் மகன் வரும்போது கொடுத்துவிடு. காசு அவனிடமே தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
குணம்