சிம்னி திருத்த வருகிறவருக்கு ஒரு விலாசம் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கூரைக்கு மேலே நிற்கிற செங்கல் புகைபோக்கியை, அதாவது சிம்னியை, திருத்துகிறோம் என்று உங்கள் பத்திரிகையின் பின்பக்கங்களில் வாராவாரம் வருகிற பெட்டி விளம்பரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். "மேசன் வேலை, சிம்னி திருத்தம், வாசல் படி, குறைந்த விலை" என்று ஒரு வரி, கீழே ஒரு செல்போன் இலக்கம். நிறுவனத்தின் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. தமிழில் கதைத்து விளங்கிக்கொள்ளலாம் என்ற ஒரே நம்பிக்கையில்தான் எங்கள் ஆட்கள், முக்கியமாக வயதானவர்கள், அந்த இலக்கத்துக்கு அடிக்கிறார்கள். விளம்பரம் போடுகிறவரிடம் பதிவு செய்த நிறுவனப் பெயரையும் விலாசத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்பதே என் கோரிக்கை.

ஏன் கேட்கிறேன் என்றால், கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் மின்சார வேலைக்கும் குழாய் வேலைக்கும் சான்றிதழ் கட்டாயம், செங்கல் வேலைக்கு அப்படி இல்லை. அதற்கும் பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு, ஆனால் அதை எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. ஒரு வானும் ஏணியும் இருந்தால் யாரும் நாளைக்கே மேசன். ரொறன்ரோ நகருக்குள் வீடு திருத்துகிறவர்கள் நகரசபையின் லைசன்ஸ் எடுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனால் அந்த லைசன்ஸைக் காட்டுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டு நான் கண்டதில்லை.

ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிக் குடியிருக்கிற பல வீடுகள் 1950களிலும் 60களிலும் கட்டிய செங்கல் பங்களாக்கள். வீட்டில் எந்தச் சுவரையும் விட சிம்னிதான் மழையையும் பனியையும் நாலு பக்கமும் வாங்குகிறது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். வெடிப்புக்குள் போன ஈரம் இரவில் உறைந்து பகலில் உருகி, திரும்பவும் உறைந்து, மாசி பங்குனியில் செங்கல்லின் முகமே உதிர்ந்து விழும். ஆகவே திருத்தம் தேவைப்படுவது உண்மைதான். எவ்வளவு தேவை என்பதில்தான் விளையாட்டு நடக்கிறது. எங்கள் வீட்டுச் சிம்னியையே ஒருவர் முழுதாக இடித்துக் கட்டவேண்டும் என்றார், இன்னொருவர் மேல்வரிசைக் கற்களை மாற்றி உச்சியில் புது கொங்கிரீட் மூடி போட்டால் போதும் என்றார், இரண்டு விலைக்கும் நாலு மடங்கு வித்தியாசம்.

எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் வீட்டுக்குப் பெருங்காற்று அடித்த மறுநாள் இருவர் வந்து, சிம்னி சாய்ந்துவிட்டது, இன்றைக்கே செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக் கூரையில் விழும் என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். அது அவருடைய சிம்னியின் படம்தானா என்பதே எனக்குச் சந்தேகம். பாதிக் காசை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, பழைய சாந்தைச் சுரண்டாமல் அதற்கு மேலேயே சீமெந்தை கேக்குக்கு ஐசிங் பூசுவது போலப் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் அது பட்டை பட்டையாகக் கழன்றது, செங்கல்லின் முகத்தையும் சேர்த்துக்கொண்டு. அழைத்தால் போன் வேலை செய்யவில்லை.

பொயின்ரிங், அதாவது கற்களுக்கு இடையிலுள்ள சாந்தைப் புதுப்பிப்பது, என்றால் பழைய சாந்தைக் குறைந்தது முக்கால் அங்குலம் ஆழத்துக்கு வெட்டி எடுத்துத்தான் புதுச் சாந்து நிரப்பவேண்டும். அந்தச் சாந்து செங்கல்லை விட மென்மையாக இருக்கவேண்டும். பலமாக இருக்கட்டும் என்று வெறும் சீமெந்தைக் கெட்டியாகக் குழைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய கல்தான் உடையும். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்பு சேர்ந்த கலவைதான் சரி. வருகிறவரிடம் "என்ன கலவை, எவ்வளவு ஆழம் வெட்டுவீர்கள்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், வேலை தெரிந்தவர் சந்தோசமாகப் பத்து நிமிடம் கதைப்பார். கார்த்திகை, மார்கழியில் விலை குறைத்துச் செய்கிறேன் என்கிறவரை விட்டுவிடுங்கள், மூடி வைத்துச் சூடு கொடுக்காவிட்டால் அந்தக் குளிரில் சாந்து பிடிக்காது.

இதையெல்லாம் கேட்பதற்கு முன்பு, உங்கள் வீட்டுக்குச் சிம்னி இன்னும் தேவையா என்று பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் புதிதாகப் போட்ட வீடுகளில் புகை பிளாஸ்டிக் குழாயால் பக்கச் சுவர் வழியே போகிறது, சிம்னியில் மிஞ்சுவது சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும். அந்தப் பெரிய துவாரத்தில் அதன் சிறிதளவு புகை மேலே போவதற்குள் குளிர்ந்து, அமில ஈரமாக உள்ளேயே வடிந்து சாந்தைத் தின்னும். உள்ளே அளவான லைனர், அதாவது உட்குழாய், போடாமல் வெளியே எத்தனை தரம் பூசினாலும் பிரயோசனமில்லை. தாங்கியும் பக்கச் சுவரால் போகிற வகை என்றால், குளிர்காயும் ஃபயர்பிளேஸும் இல்லை என்றால், சிம்னியைக் கூரைக்குக் கீழே வரை இறக்கி மூடிவிடலாம். இதை எந்த விளம்பரக்காரரும் தானாகச் சொல்லமாட்டார்.

உடைந்த கல் உள்ளே விழுந்து வழி அடைபட்டால் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். 2008இல் வுட்ஸ்டொக்கில் புகை போகும் வழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நாலு பேரும் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் ஒன்ராறியோவில் பழைய வீடுகளுக்கும் அந்த வாயுவைக் காட்டும் அலாரம் கட்டாயம் என்ற சட்டம் வந்தது.

கதவைத் தட்டி ஃபர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடுத்துவிட்டது, சிம்னி திருத்தம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு அதிகமாக அவர்கள் கேட்க முடியாது. "எச்.எஸ்.ரி. வேண்டாம், ரொக்கமாகத் தாருங்கள்" என்கிறவரிடம் 13 வீத விற்பனை வரியை மிச்சம் பிடித்தவருக்கு, நாளைக்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒரு துண்டு இருக்காது. மொத்தத் தொகையில் 10 வீதத்தைக் கையில் பிடித்து வைக்கச் சட்டமே சொல்கிறது. கொன்ட்ராக்டர் கல் வாங்கிய கடைக்கோ வேலையாளுக்கோ காசு கொடுக்காவிட்டால் அவர்கள் அந்தக் கடனுக்காக உங்கள் வீட்டின் மீது லீன் என்ற உரிமைப் பதிவைப் போடலாம், அதற்காகத்தான். காப்புறுதிப் பத்திரத்தையும், வேலையில் அடிபடுகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்கிற சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி. தருகிற கிளியரன்ஸ் பத்திரத்தையும் ஏணி வைப்பதற்கு முன்பே கேளுங்கள், கயிறு கட்டாமல் கூரையில் நிற்கிற பையனைப் பார்த்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

இன்னொன்று, கோடையில் சிம்னிக்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டால் அது சிம்னி சுவிஃப்ட் என்ற பறவையாக இருக்கலாம், கனடாவில் அருகி வருகிற இனம். கூடு இருக்கும்போது கை வைக்கச் சட்டம் விடாது, வேலையைப் புரட்டாதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல வேலைக்காரர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் பெயரைப் போடத் தயங்கமாட்டார்கள். நகரசபை லைசன்ஸ் இலக்கம் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். இப்படிக் கேட்பதால் சில விளம்பரங்கள் உங்களுக்குக் குறையும், தெரியும். பத்திரிகை இனாமாக வருவதே அந்த விளம்பரக் காசில்தான் என்பதும் தெரியும். அப்படியும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்